மிஸ்டர் பீனுக்குத் திக்குவாய் எப்படிப் போனது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வாவிக்கரையான் (கல்லடி)

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன கிழமை ஒரு செய்தி வந்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். மிஸ்டர் பீனாக நடித்த ரோவன் அட்கின்சன் திக்கித் திக்கிப் பேசுகிறவராம், முகவெட்டும் இல்லையாம், அதனால் எந்த ரீவிக்காரரும் சேர்க்கவில்லையாம், மனம் தளராமல் முயன்று திக்குவாயை வென்று உலகப் புகழ் பெற்றாராம். கீழே கைகூப்பும் படம் மூன்று. அனுப்பியவர் என் பெரியம்மா. யாருக்காக அனுப்பினார் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும்.

என் அக்காவின் மகனுக்கு 13 வயது. அவனுக்கு 'ப' வருவதில்லை. வரும், ஆனால் வரப் பிந்தும். இடாப்புக் கூப்பிடும்போது 'பிரசன்ட் சேர்' என்று சொல்ல வேண்டும். முதல் எழுத்தே 'ப'. ஒரு நாள் இடாப்புக் கூப்பிட்டவரே அவனைப்போலச் சொல்லிக் காட்ட, வகுப்பு முழுக்கச் சிரித்திருக்கிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையிலும் பிள்ளைக்கு வயிற்றுவலி. பள்ளிக்கூடத்தின் பெயர் இங்கே வேண்டாம், அக்கா போய்க் கதைத்துவிட்டு வந்தார்.

பெரியம்மாவின் செய்தியை வாசித்துவிட்டு என்னிடம் கேட்டான்: "மாமா, அந்தாளுக்கு எப்பிடிப் போச்சு?" பீன் என்றால் அவனுக்கு உயிர். எனக்குப் பதில் தெரியவில்லை.

மறுகா மறுகா (செங்கலடி)

முதலில் ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று உறுதிப்படுத்துங்கள். எங்கள் குழுவில் அவரை மூன்று தரம் சாகடித்துவிட்டார்கள். ஒவ்வொரு தரமும் மாமி 'ஆழ்ந்த அனுதாபங்கள்' போடுவார். மறுகா அடுத்த வருசம் திரும்பவும் சாவார், மாமியும் திரும்பவும் போடுவார்.

காரைதீவான்

அந்தச் செய்தியில் அவர் திக்கிப் பேசுகிறவர் என்பது மட்டும் உண்மை. மிச்சமெல்லாம் கைகூப்பும் படத்துக்குப் பொருத்தமாக எழுதியது.

அட்கின்சன் பிறந்தது 1955 ஜனவரி 6இல், வட இங்கிலாந்தில் டர்ஹம் பக்கம் கொன்செட் என்ற ஊரில். தகப்பன் விவசாயி, கூடவே கொம்பனியும் நடத்தியவர். எங்கள் பக்கத்துப் போடியார் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள், கஞ்சிக்கு வழியில்லாத வீடு இல்லை. சின்ன வயதில் படித்தது டர்ஹம் பேராலயத்தின் பாடகர் குழுப் பள்ளிக்கூடம். பின்னாளில் பிரதமரான ரொனி பிளேயரும் அங்கே படித்தவர்.

'யாரும் சேர்க்கவில்லை' என்ற கதைக்கு வருவோம். 1976இல் எடின்பரோ விழாவிலேயே ஆளைக் கவனித்துவிட்டார்கள். 1979இல் பிபிசியின் இரண்டாம் அலைவரிசையில் 'நொட் த நைன் ஓகுளொக் நியூஸ்' தொடங்கியது. முதலாம் அலைவரிசையில் ஒன்பது மணிச் செய்தி போகிற நேரம் இதில் பகிடி போகும், அதுதான் 'ஒன்பது மணிச் செய்தி அல்ல' என்று பெயர். ஒரு நிமிடம் இரண்டு நிமிடத் துணுக்கு நாடகங்கள். அட்கின்சன், மெல் ஸ்மித், கிரிஃப் றீஸ் ஜோன்ஸ், பமீலா ஸ்டீவன்சன் என்று நான்கு பேர். முதல் தொடரில் மட்டும் ஜோன்ஸின் இடத்தில் வேறொருவர் இருந்தார். 1982 வரை ஓடியது. 1981இல் அட்கின்சன் லண்டன் வெஸ்ட் எண்டில் தனியாளாக மேடை ஏறிவிட்டார்.

24 வயதில் பிபிசி கூப்பிட்டு எடுத்த ஆள் ஐயா அவர். அந்த வயதில் எங்களில் பாதிப்பேர் வேலையில்லாப் பட்டதாரிகளாக மட்டக்களப்புக் காந்தி பூங்காவுக்கு முன்னால் குந்தியிருந்தோம்.

வயர்மேன் (சம்மாந்துறை)

ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஆள் எங்கள் சாதி. நியூகாசிலில் மின்பொறியியல் படித்துவிட்டு, ஒக்ஸ்போர்ட் குயின்ஸ் கல்லூரியில் அதே துறையில் எம்.எஸ்ஸி செய்தவர். ஆய்வு எடுத்தது, தன்னைத்தானே சீராக்கிக்கொள்ளும் கட்டுப்பாட்டு முறைகள் பற்றி. பிழை எவ்வளவு என்று அளந்து, அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொண்டே ஓடுகிற பொறி.

என் சொந்தத் தியரி: பீனின் முகத்தில் நடப்பதும் அதேதான். ஒரு காரியம் பிழைக்கும், புருவம் அதை அளக்கும், கண் பக்கத்து ஆளைப் பார்க்கும், கை திருத்தப் போகும், திருத்தம் இன்னொரு பிழையைக் கொண்டுவரும். பிழை சுழியத்துக்கு வராத கட்டுப்பாட்டுப் பொறி. பார்க்கிறவர்கள் சும்மா கோணங்கித்தனம் என்று நினைக்கிறார்கள்.

மறுகா மறுகா

பகிடிக்கும் சமன்பாடு எழுதிவிட்டார்கள். இனிச் சிரித்த மாதிரித்தான்.

காரைதீவான்

வயர்மேன் சொன்னதும் ஊர் ஞாபகம் வந்தது. விஞ்ஞானம் படித்துவிட்டு நாடகத்துக்குப் போவது எங்களுக்குப் புதிதா? எங்கள் ஊரில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1916இல் கொழும்புத் தொழினுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமா எடுத்தவர். 1926இல் வந்த அவரது 'மதங்கசூளாமணி', நாடகக் கலையைப் பற்றிய புத்தகம், அதில் சேக்ஸ்பியரும் உண்டு. இழைக்குச் சம்பந்தமில்லை என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், காரைதீவான் என்று பெயர் வைத்துக்கொண்டு இதைச் சொல்லாமல் போக முடியாது.

களரிக்காரன் (படுவான்கரை)

நான் பீனைப் பார்த்த கதையைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் எங்கள் பக்கம் கரண்ட் இல்லை. ஒரு கலியாண வீட்டுக்கு ஜெனரேட்டர் பிடித்து, மண்முனைத் துறையில் பாதையேறி (வாவியைக் கடக்கிற மிதவைப் படகு) ரீவியும் டெக்கும் கொண்டுவந்தார்கள். பாலம் 2014இல்தானே வந்தது. தமிழ்ப் படம் இரண்டு ஓடி முடிய எண்ணெய் மிச்சம் இருந்தது. கடைக்காரன் தெரியாமல் போட்டுவிட்ட கசெற் ஒன்று பையில் கிடந்தது. போட்டோம். அதுதான் பீன்.

முற்றம் முழுக்கச் சனம். இங்கிலீசு தெரிந்தவர் ஒருவரும் இல்லை. பரீட்சை மண்டபத்தில் பக்கத்து ஆளின் தாளை எட்டிப் பார்க்கிறதும் கோயிலில் நித்திரை தூங்கி விழுகிறதும் யாருக்கு விளங்காது? நீச்சல் தடாகத்தில் உயரப் பலகைக்கு ஏறிவிட்டு, இறங்கவும் முடியாமல் குதிக்கவும் முடியாமல் நுனியைப் பிடித்துத் தொங்குவான். எங்கள் பெத்தா எழும்பி நின்று "விழுந்திராத மனே" என்று கத்தினா. சண்டைப் படத்துக்குக்கூட அவ அப்படிக் கத்தினதில்லை. அந்த வருடங்களில் இரவில் அத்தனை பேர் ஒன்றாக இருந்து சத்தம் போட்டுச் சிரித்தது எனக்கு வேறு ஞாபகமில்லை.

பிறகுதான் ஓரிடத்தில் வாசித்தேன். 1987இல் கனடாவின் மொன்றியல் நகைச்சுவை விழாவில் ஆங்கில நிகழ்ச்சியில் ஏறாமல், பிரெஞ்சுக்காரரின் நிகழ்ச்சியில் தன்னைப் போடச் சொல்லிக் கேட்டாராம். தன் பாஷை தெரியாத சனம் சிரிக்கிறதா என்று பார்க்க. சிரித்தார்கள். பீன் ரீவிக்கு வந்தது 1990 ஜனவரி 1இல். எங்கள் முற்றத்துக்கு வந்ததைச் சொல்லிவிட்டேன்.

மற்றது, வாவிக்கரையான் தம்பி, கூத்தில் இதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். எங்களோடு வடமோடி ஆடியவர் ஒருவர். கடைக்குப் போய்ச் சீனி கேட்கவே முகம் சிவந்து போகும். களரிக்கு வந்து உடுப்புக் கட்டி, மத்தளம் விழுந்து, வரவுப் பாட்டு எடுத்தார் என்றால் வெள்ளாப்பு வரைக்கும் ஓரிடத்தில் தடக்கமாட்டார். பாட்டில்தான் வராது என்று சொல்வீர்கள், வசனத்திலும் வராது. அரசன் திக்குவதில்லை, அவர்தான் திக்குவார். உடுப்பைக் கழற்றிவிட்டுத் தேத்தண்ணி கேட்கும்போது திரும்பவும் "தே... தே..." கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் இதற்கு விளக்கமொன்றும் சொன்னதில்லை. அவருக்கு ஆள் ஆடினால் போதும்.

குரல்

நான் பேச்சுச் சிகிச்சைத் துறையில் இருப்பவள். களரிக்காரன் அண்ணா சொன்னது அபூர்வமல்ல. திக்கிப் பேசுகிற பலருக்குப் பாடும்போது திக்காது. கூட்டாக வாசிக்கும்போதும் பெரும்பாலும் திக்காது. சிலருக்கு வேறொருவராக நடிக்கும்போது திக்காது. அட்கின்சனும் தன் விசயத்தில் இதையேதான் சொல்லியிருக்கிறார்: வேறு ஆளாக மாறினால் திக்கு ஒதுங்கிவிடும்.

ஒதுங்குவதும் போவதும் ஒன்றல்ல. உங்கள் மருமகனுக்கு நேர்ப் பதில்: அவருக்குப் போகவில்லை. வருவதும் மறைவதுமாக இருக்கிறது. அவர் 'வென்றார்' என்று எழுதுகிறவர்கள் பிள்ளைகளுக்குப் பெரிய கெடுதல் செய்கிறார்கள். அப்படியானால் போகாத பிள்ளை தோற்றவனா?

அவருக்கும் கரைச்சலான எழுத்து உங்கள் மருமகனுக்குப் போலவே 'ப' தான், ஆங்கிலத்தின் 'பி' (B). 'பிளக் அடர்' என்ற அவரது ரீவி நகைச்சுவைத் தொடரில் 'பொப்' என்ற பெயரை அவர் சொல்வதைக் கேளுங்கள். உதட்டை இறுக மூடி, ஒரு கணம் வைத்திருந்து, வெடி வெடித்த மாதிரி விடுவார். தடக்குகிற எழுத்தை மிகையாக அழுத்தித் தாண்டுகிறார். உலகம் அதற்குச் சிரிக்கிறது. அவர் நடித்த இரண்டு பெரிய பாத்திரங்களின் பெயரும், பிளக் அடர், பீன், இரண்டும் அதே எழுத்தில் தொடங்குவதை என்னவென்று சொல்ல!

பெரியவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர் திக்கிப் பேசுகிறார். ஆண்களே அதிகம். பயத்தால் வருவதில்லை, நாக்குத் தடிப்பால் வருவதில்லை, கூழாங்கல்லை வாயில் போட்டால் போவதுமில்லை. மூளை பேச்சை ஒழுங்கு செய்கிற விதத்தில் உள்ள வித்தியாசம், பரம்பரைக்கும் பங்குண்டு. களனிப் பல்கலைக்கழகத்தின் றாகம மருத்துவ பீடத்தில் இந்தச் சிகிச்சைக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. தமிழில் செய்யக்கூடிய ஒருவரைத் தேடிக் காட்டுங்கள். 'ஆறுதலாகச் சொல்லு', 'மூச்செடுத்துச் சொல்லு' என்று வீட்டில் சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள். சொல்லி முடிக்கும் வரை முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தால் போதும்.

வாவிக்கரையான்

மிகவும் நன்றி அக்கா. 'ஆறுதலாகச் சொல்லு' என்று இந்த வீட்டில் அதிகம் சொல்வது நான்தான்.

'போகவில்லையாம்' என்று அவனிடம் சொன்னேன். அழுவான் என்று நினைத்தேன். "அப்ப அந்தாளுக்கு இப்பவும் இருக்கா?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கல்முனை நானா

நமக்குக் கலை தெரியாது, கராச்தான் தெரியும். அந்த மனுசன் 1981லேயே கனரக வாகன லைசன்ஸ் எடுத்தவர், சும்மா லொறி ஓட்டிப் பார்க்கிற ஆசையில். மக்லாரன் எஃப்1 கார் ஒன்று வைத்திருந்தார். இரண்டு தரம் அடித்தார், 1999இல் ஒன்று, 2011இல் ஒன்று. இரண்டாவது தரம் திருத்தின செலவு 9 இலட்சம் பவுணுக்கு மேல். அதையே 2015இல் ஏறக்குறைய 80 இலட்சம் பவுணுக்கு விற்றார் பாருங்கள். அடிபட்ட வண்டிக்கு விலை ஏறினதை என் சீவியத்தில் அந்த ஒரு தரம்தான் கேள்விப்பட்டேன். என்னிடம் அடிபட்ட அல்டோ ஒன்று நிற்குது, வாங்க ஆளில்லை.

பீனின் பச்சை மினி அந்த நீல மூன்று சில்லு வாகனத்தை எப்ப பார்த்தாலும் இடித்துத் தள்ளும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் த்ரீவீலர்ப் பொடியன்கள் ஞாபகம்தான்.

கணக்கு மிஸ் (அக்கரைப்பற்று)

எல்லோரும் புகழ்கிறீர்கள், நான் ஒரு எதிர்க்கருத்துச் சொல்கிறேன். பீன் நல்ல ஆளில்லை. சுயநலம், பொறாமை, மற்றவனின் சாமானைக் கெடுப்பது. பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் பக்கத்துப் பிள்ளையின் கதிரையை இழுக்கிறார்கள். அதுவும் நூற்றுக்கணக்கான அத்தியாயம், விடிந்தால் பொழுதுபட்டால் அதுதான். வயதுக்கு ஒவ்வாத ஒருவரைக் குழந்தை மாதிரி ஆட்டிப் பார்ப்பது உயர்ந்த நகைச்சுவையா?

காரைதீவான்

மிஸ், உங்கள் வீட்டில் ஓடுவது காட்டூன், அது 2002இல் தொடங்கியது. ஆள் நடித்த பீன் ஐந்து வருடத்தில் மொத்தமே 15 அத்தியாயம், அதிலும் ஒன்று கசெற்றாக வந்தது. 1995இல் நிறுத்திவிட்டார். படங்கள் பிறகு வந்தவை. சுயநலம் என்பது சரிதான். பெரிய ஆளின் உடம்புக்குள் இருக்கும் பிள்ளை என்று அவரே சொல்வார். பீனை ஆடுவது களைப்பு, பெரிதாக விருப்பமில்லை என்றும் சில வருடங்களுக்கு முன் சொல்லியிருக்கிறார். ஆகவே நீங்களும் அவரும் ஒரே பக்கம்.

உயர்ந்த நகைச்சுவை கேட்டீர்கள். பீனுக்குப் பத்து வருடம் முந்திய துணுக்கு ஒன்றைச் சொல்கிறேன். பொலிஸ் நிலையம். அட்கின்சன் மேலதிகாரி. முன்னால் கொன்ஸ்டபிள் சவேஜ் என்ற ஒருவன். அவன் போட்ட வழக்குகளை மேலதிகாரி ஒவ்வொன்றாக வாசிக்கிறார். நடைபாதை வெடிப்பில் கால் வைத்து நடந்தது. இருட்டு நேரத்தில் பளிச்சென்ற சட்டை போட்டது. என்னை ஒரு மாதிரிப் பார்த்தது. 117 வழக்கும் ஒரே ஆளுக்கு, அந்த ஆள் ஒரு கறுப்பர். பீனின் ஒரு கோணங்கியும் இல்லை. தாள் வாசிக்கிற மனிதனின் எரிச்சல் குரல் மட்டும். கடைசியில் சவேஜுக்குத் தண்டனையா கிடைக்கிறது? அந்த வேலைக்கே பொருத்தமான சிறப்புப் பிரிவுக்கு மாற்றம் கிடைக்கிறது.

அது விளையாட்டுக்கு எழுதியது மட்டுமில்லை. 2012இல் இங்கிலாந்தின் பொது ஒழுங்குச் சட்டத்தில் 'அவமதிக்கும்' வார்த்தை பேசுவதே குற்றம் என்றிருந்த பகுதியை நீக்கச் சொல்லி இயக்கம் நடந்தபோது அட்கின்சன் முன்னுக்கு நின்று பேசினார். அடுத்த வருடம் அந்தச் சொல்லை எடுக்கச் சட்டம் வந்தது.

கல்முனை நானா

அந்தத் துணுக்கை இப்பதான் தேடிப் பார்த்தேன். பாஷை பாதிதான் விளங்கியது, விசயம் முழுக்க விளங்கியது. 'ஒரு மாதிரிப் பார்த்தாய்' என்று என்னையும் ஒரு முறை ரோட்டோரம் இறக்கி வைத்தார்கள். நான் பார்த்தது அவர்களின் ஜீப்பின் முன் சில்லை, காற்றில்லாமல் இருந்தது. சொல்லவா வேண்டாமா என்று யோசித்த முகம்தான் அந்த ஒரு மாதிரி.

களரிக்காரன்

சொன்னீர்களா நானா?

கல்முனை நானா

சொன்னேன். சில்லை மாற்றியும் கொடுத்தேன். மறுகா விட்டார்கள்.

கணக்கு மிஸ்

சரி, காரைதீவான், சவேஜுக்காக என் கருத்தில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். கதிரை இழுக்கும் பாதி என்னிடமே இருக்கட்டும்.

வாவிக்கரையான், உங்கள் முதல் பதிவுதான் இரண்டு நாளாகத் தலைக்குள் நிற்கிறது. நானும் ஒவ்வொரு நாளும் இடாப்புக் கூப்பிடுகிறேன். என் வகுப்பில் யாருக்காவது இப்படி இருக்குமோ என்று இன்று காலை முதல் தடவையாக யோசித்தேன். 38 பிள்ளைகள். பெயர் சொல்லிவிட்டு நிமிர்ந்து முகத்தைப் பார்த்து அடையாளம் போட்டேன், யாரையும் வாய் திறக்கச் சொல்லவில்லை. இரண்டு நிமிடம் கூடச் சென்றது, அவ்வளவுதான்.

காரைதீவான்

மிஸ் இடாப்பு என்றதும்தான் உறைத்தது. அட்கின்சனை நாடறியச் செய்த துணுக்குகளில் ஒன்று இடாப்புத்தான்! 1979இல் மனித உரிமை நிறுவனமொன்றுக்காக நடந்த மேடை நிகழ்ச்சி. கறுப்பு மேலங்கி போட்ட வாத்தியார். முன்னால் வகுப்பு இல்லை, பிள்ளைகள் இல்லை, சபை மட்டும். இடாப்பைத் திறந்து ஒவ்வொரு பெயராக வாசிக்கிறார். பெயர்களே விசித்திரம். ஒவ்வொன்றையும் கடித்து, மென்று, துப்புகிறார். திக்கிப் பேசுகிற மனிதன், திக்கிப் பேசுகிற பிள்ளைகள் மிகவும் பயப்படுகிற அந்த இடாப்பை எடுத்து, மேசைக்கு மற்றப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். வேண்டுமென்று செய்தாரோ என்னவோ. மருமகனுக்குக் காட்டுங்கள்.

வாவிக்கரையான்

காட்டினேன். பத்துத் தரம் பார்த்திருப்பான். ஆங்கிலப் பெயர்களில் உள்ள பகிடி அவனுக்கு விளங்கவில்லை, மூக்கால் பார்க்கிற பார்வை விளங்கிவிட்டது.

நேற்றுப் பின்னேரம் அம்மாவின் கறுப்புச் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, என் பழைய சிஆர் கொப்பியைத் திறந்து, எங்களை வரிசையில் இருத்தி இடாப்புக் கூப்பிட்டான். வாவி மீன்களின் இடாப்பு.

"கொடுவா." முறைப்பு. "திரளி." "ஓரா, முள்ளை மடக்கிக்கொண்டு இரு." "பாரை... பாரை இண்டைக்கும் வரல்லயா? கடலுக்குப் போயிற்றா?"

எழுத்துத் தடக்கவில்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாடும் மீன்." நிமிர்ந்து பார்த்தான். நாங்கள் வாயைத் திறக்கவில்லை. "பாடும் மீன்!" கொப்பியை இறக்கினான். கண்ணைச் சுருக்கிக்கொண்டு வரிசையை ஒரு முறை சுற்றிப் பார்த்தான். "ராவெல்லாம் பாடுவாராம். இடாப்புக் கூப்பிட்டா வாய் திறக்கமாட்டார்." பேனையால் ஒரு பெரிய சரி அடையாளம் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனான்.

முடிந்து சால்வையை மடித்துவிட்டு அம்மாவிடம் "ப... ப... பிளேன்டி" என்றான். அக்கா வாய் திறக்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும்தான்.

மறுகா மறுகா

வீடியோ போடுங்கள் ஐயா!

வாவிக்கரையான்

கேட்டேன். வேண்டாமாம். போனை வைத்துவிட்டேன்.

களரிக்காரன்

அடுத்த மாசம் எங்கள் பக்கம் ஒரு கூத்துப் பழக்கம் தொடங்குது. கட்டியகாரனுக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை. சும்மா சொல்லி வைக்கிறேன், அவ்வளவுதான்.

மறுகா மறுகா

மாமி இப்பதான் குழுவில் போட்டிருக்கிறார்: மிஸ்டர் பீன் காலமானார்.